சாம்பல் நிற ஸ்வெட்டரின் இடது கை

மார்ச் 11, புதன்.

நேற்று நான் கொடுத்த உடை விவரத்தில் ஒரு சிறு பிழை இருக்கிறது. சாம்பல் நிற ஸ்வெட்டர், இடது கைமுனை கடிபட்டு நூல் பிரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். பிரிந்திருக்காது. இரண்டு கைமுனைகளும் கடையில் வாங்கியபடியே இருக்கும். மற்றதெல்லாம் சரி. நீல ஜீன்ஸ், வலது முழங்காலில் மைக்கறை, ஒரு காலணியில் மட்டும் மாற்றிப் போட்ட வெள்ளை நாடா.

பிழை கண்ணில் பட்டதும் தேதி போட்டு எழுதிவிட வேண்டும் என்பது மாலை வகுப்பில் எங்கள் டீச்சர் வைத்திருக்கும் விதி. சினிமாவில் உடைகளைக் கவனிப்பவர்களுக்கு அது உயிர்நாடியாம். முதல் காட்சியில் இருந்த பொத்தான் அடுத்த காட்சியில் இல்லாமல் போனால், பார்க்கிறவர்களுக்குக் கதை மறந்துவிடும், பொத்தான்தான் நினைவிருக்கும். நான் விதிகளை மதிக்கிறவள். அதுதான் என்னிடம் இருக்கும் ஒரே திறமை என்றும் வகுப்பில் ஒரு கருத்து உண்டு.

விவரம் கேட்டவர் காவல் நிலைய அதிகாரி. அக்கா மகள் நேற்றுக் காலையிலிருந்து வீட்டில் இல்லை. பள்ளிக்குப் போகவில்லை, தோழிகள் வீட்டிலும் இல்லை. வயது பதினைந்து. அவள் பிறந்த அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுகிறோம். அதிகாரி பேனாவைத் திறந்து, "என்ன டிரஸ் போட்டிருந்தா?" என்று கேட்டபோது அக்காவும் அத்தானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் தலையிலிருந்து கால்வரை சொன்னேன்.

"இவ்வளவு கரெக்டா யாரும் சொன்னதில்லம்மா" என்றார் அவர். "பெத்தவங்களே சட்டை கலர் தெரியாம முழிப்பாங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அக்கா பக்கத்தில் அழுதுகொண்டிருந்ததால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பிழை எப்படி வந்தது என்று எழுதினால்தான் திருத்தம் முழுமையாகும். அதற்கு வகுப்பின் முதல் மாதத்துக்குப் போக வேண்டும்.

பகலில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் ஃபிரேமை மாட்டி, "இப்ப தெளிவா தெரியுதா?" என்று கேட்க வேண்டும். நாள் முழுதும் மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் எனக்கு ஒரு சோர்வு. அதனால் சினிமா உடையமைப்பு வகுப்பில் சேர்ந்தேன். முதல் வேலை, பதினைந்து வயதுப் பெண் ஒருத்திக்கு உடை தீர்மானிப்பது. பொம்மைக்கு மாட்டி வகுப்பில் நிறுத்த வேண்டும்.

நான் ஆராய்ச்சி செய்தேன். பத்திரிகைகள் புரட்டினேன். கிழிந்த ஜீன்ஸ், மண்டையோடு போட்ட பனியன், கை நிறைய ரப்பர் வளையம், தொப்பியில் ஏழெட்டு பேட்ஜ். டீச்சர் பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது பதினஞ்சு வயசுப் பொண்ணு இல்லம்மா" என்றார். "ஒரு பாங்க் மேனேஜர் பதினஞ்சு வயசுப் பொண்ணா மாறுவேஷம் போட்டிருக்கார்."

வகுப்பே சிரித்தது. பின் வரிசையில் உட்காரும் தாடிக்காரர் ஒருவர் எழுந்து பொம்மைக்குக் கைகூப்பி, "சார், என் லோன் என்னாச்சு?" என்று கேட்டார். அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் மேனேஜர். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் கண்ணாடியோரம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். எதையும் மறைப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டாம் முறை எளிமையாகப் போனேன். ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் மட்டும். பதற்றத்தில் இருக்கும் பெண், கைமுனையைக் கடிக்கிறவள். புது ஸ்வெட்டரைப் பழையதாக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், சமையலறைத் துருவியில் இழுத்தேன், தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தேன். துருவியில் என் விரல் தோலும் கொஞ்சம் போனது. கலைக்காக ரத்தம் சிந்தியவள் என்று சொல்லிக்கொள்ளலாம். அக்கா அதே துருவியில் காரட் துருவினாள் என்பதால் சொல்லிக்கொள்வதில்லை.

டீச்சர் ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்தார். "டீக்கடை வாசனை வருது" என்றார். பிறகு கைமுனையை உள்ளும் புறமும் திருப்பிக் காட்டினார். "பாரு, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. நிஜமா கடிக்கிற பிள்ளை ஒரே இடத்தைத்தான் கடிக்கும். ஒரு நூலைப் பல்லால இழுக்கும், அப்புறம் யாராவது பாக்கறதுக்குள்ள உள்ள மடிச்சு வைக்கும். மடிப்புல எச்சில் காய்ஞ்சு விறைப்பா இருக்கும். பயம்தான் அதைச் செய்யணும், மேனேஜர். உப்புத்தாளால ஆகாது."

பயம்தான் அதைச் செய்யணும். நான் இதைக் கோடிட்டு எழுதிக்கொண்டேன். மற்றவர்களும் கேட்டார்கள். ஆனால் வகுப்பில் சொல்வதை வீட்டில் செய்து பார்க்கிற ஒரே மாணவி நான்தான்.

அக்கா வீட்டில்தான் நானும் இருக்கிறேன். வாலுவும் நானும் ஒரே அறை. ஆராய்ச்சிக்கு இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும்? ஆனால் வாலு உபயோகப்படவில்லை. அவளுக்குப் பதற்றமே கிடையாது. கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பாடுவாள். மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி இறங்குவாள், அதனால் அவள் ஜீன்ஸெல்லாம் பின்பக்கம்தான் தேய்ந்திருக்கும். எனக்கு வேண்டிய இடம் அதுவல்ல. இருந்தாலும் புதிதாக ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர், கை ஒரு அளவு நீளமாக, அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

"ஐயோ சித்தி, நீ நல்லா இருக்கணும்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். உடனே இரண்டு கையையும் முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டாள். இரண்டு வாரம் பார்த்தேன். சுருட்டிய கை இறங்கவே இல்லை.

நூலகத்தில் வளரிளம் பருவ மனநூல் ஒன்று எடுத்தேன். அந்த வயதில் பெற்றோரால் கைவிடப்படுவோம் என்ற எண்ணமே மிகப் பெரிய பயம் என்று அதில் இருந்தது. அப்படிப்பட்ட பயம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அடுத்த அத்தியாயம் முழுவதும் இருந்ததாக நினைக்கிறேன். நான் அதுவரை போகவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளிடம் சொன்னேன். "உன்னை ஹாஸ்டல்ல சேர்க்கலாமான்னு அம்மாவும் அப்பாவும் பேசிக்கிட்டிருக்காங்க. இன்னும் முடிவு பண்ணலை. நான் சொன்னேன்னு காட்டிக்காதே. கேட்டா அம்மாவுக்குக் கஷ்டமாயிடும்."

இது முழுப் பொய் இல்லை. ஒருமுறை வாலு பால் பாத்திரத்தைக் கருகவிட்டபோது அக்கா, "உன்னை ஹாஸ்டல்ல போட்டாத்தான் நான் நிம்மதியா இருப்பேன்" என்று கத்தியிருக்கிறாள். அத்தானும் அப்போது அங்கே இருந்தார். ஆக, பேசிக்கொண்டார்கள்.

அதே வாரம் அக்காவிடம், "அவளுக்கு இப்ப தனிமை வேணும். எதையும் தோண்டித் துருவிக் கேக்காதீங்க, மூச்சு முட்டுதுன்னு என்கிட்ட சொல்றா" என்றேன். மனநூலில் ஒரு பக்கத்தைத் திறந்தும் காட்டினேன். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அச்சடித்ததை நம்புவாள். "நல்லவேளை நீ இருக்கே" என்றாள்.

இரண்டும் ஆளுக்குப் பாதி சொன்ன விஷயங்கள். தனித்தனியாக எடுத்தால் எந்த வீட்டிலும் யாரும் சொல்லக்கூடியவை. ஒன்று பெண்ணின் வாயை அடைத்தது, மற்றது தாயின் வாயை அடைத்தது. நடுவில் நான் ஒருத்திதான் இரண்டு பக்கமும் போய்வர முடிந்தது. இவ்வளவு கச்சிதமாக அமையும் என்று சத்தியமாக நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குப் பொதுவாக எதுவும் கச்சிதமாக அமைவதில்லை. என் தையல் கோடே கோணல்.

சுருட்டிய கை முதல் வாரத்திலேயே இறங்கியது. அடுத்த வாரம் கைமுனை உள்ளங்கைக்குள் போனது. அதற்கடுத்து, சாப்பாட்டு மேசையில் அக்கா ஏதோ யோசனையாக இருந்தபோது, வாலு அம்மாவைப் பார்த்துக்கொண்டே இடது கைமுனையை வாய்க்குக் கொண்டுபோனாள். வலது கையில் கரண்டி. அதனால்தான் இடது. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. நான் தண்ணீர் குடிப்பதுபோல டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன், மகிழ்ச்சி தெரியக் கூடாது என்று.

வாலு வேறு விதமாகவும் மாறினாள். பாத்திரம் கழுவினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அப்பாவின் காலணிகளை ஜோடியாக எடுத்து வைத்தாள். லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து களைத்துப்போய் வரும் அத்தான், "என்ன, வீடு மியூட்ல போட்ட டிவி மாதிரி இருக்கு?" என்றார். அக்காவுக்குப் பெருமை. "பொறுப்பு வந்துடுச்சுங்க" என்றாள். தன்னை அனுப்பிவிடாதீர்கள் என்று ஒரு பிள்ளை எவ்வளவு ஒழுங்காகக் கெஞ்சும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். அந்த ஒழுங்கை உடையில் காட்ட முடியுமா என்று யோசித்தேன். காலர் பொத்தானை மேல்வரை போடலாம்.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்பாள். "சித்தி, அம்மா இன்னிக்கு ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலை" என்பேன். உண்மையைத்தான் சொன்னேன். கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொன்னேன், அவ்வளவுதான்.

நடுவில் ஒருநாள் வேலை கெடப் பார்த்தது. மின்சாரம் போன ஒரு மாலையில் அம்மாவும் பெண்ணும் பால்கனியில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரர் தன் நாயிடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்து, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்வெட்டர் கை முழங்கைவரை ஏறியிருந்தது. கைமுனை பாதிதான் முடிந்திருந்தது, சமர்ப்பிக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் நான் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

"கொஞ்சம் நேரா நில்லு" என்றேன்.

"எதுக்கு சித்தி?"

"அம்மா அளவெடுக்கச் சொன்னாங்க. யூனிஃபார்முக்கு."

"எங்க ஸ்கூல் யூனிஃபார்ம் இருக்கே."

நான் டேப்பைப் பிரித்தேன். தோள், மார்பு, கை நீளம் எடுத்தேன். அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். மூச்சை உள்ளேயே பிடித்து வைத்திருந்தாள்.

"மூச்சை விடும்மா" என்றேன். "அளவு தப்பா வரும்."

அந்த வாரக் கடைசியில் கைமுனை தயார். ஒரே இடம். ஒரு நூல் நீளமாக இழுபட்டு, உள்ளே மடித்து வைக்கப்பட்டு, மடிப்பில் விறைப்பாக. டீச்சர் சொன்னது சொன்னபடி.

அதே கடையில் அதே ஸ்வெட்டரை இன்னொன்று வாங்கி, அவள் குளிக்கப் போயிருந்தபோது மாற்றி வைத்தேன். திரும்பி வந்து போட்டவள் இடது கையைப் பார்த்தாள். கைமுனையை உள்ளே திருப்பிப் பார்த்தாள்.

"சித்தி, இது என்னுது இல்ல."

"உன்னுதுதான். பிரிஞ்சிருந்துச்சு, நான் தைச்சு வெச்சேன்."

என் தையலின் அழகு தெரிந்த எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவள் நம்பினாள். "அம்மா பார்த்தாங்களா, பிரிஞ்சதை?" என்று மட்டும் கேட்டாள்.

வகுப்பில் டீச்சர் அந்தக் கைமுனையை வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார். வகுப்பு முழுவதும் பொம்மைக்கு முன் வந்து நின்றது. யாரும் சிரிக்கவில்லை. தாடிக்காரர்கூட, "மேனேஜர், எனக்கு இந்தப் பொண்ணுகிட்ட போய் என்னாச்சும்மான்னு கேக்கணும்போல இருக்கு" என்றார். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. பொம்மையைச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். டீச்சருக்குத் தெரிந்த படக் குழு ஒன்று ஸ்வெட்டரை ஒரு படத்துக்குக் கேட்டு வாங்கிப்போனது.

"எப்படிம்மா செஞ்சே?" என்று டீச்சர் கேட்டார்.

"பொறுமையா செஞ்சேன்" என்றேன்.

அன்றே வீட்டுக்கு வந்து, ஹாஸ்டல் பேச்சே இல்லை என்று வாலுவிடம் சொல்லியிருக்கலாம். சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் படக் குழுவில், அதே பாத்திரத்துக்குக் கடைசிக் காட்சிக்கு ஒரு உடை யோசிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மாலை அவள் கட்டிலில் உட்கார்ந்து காலணிக்கு நாடா மாற்றிக்கொண்டிருந்தாள். "அவங்க அனுப்பறதுக்கு முன்னாடி நானே போயிட்டா, அவங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருக்காதுல்ல சித்தி?" என்று கேட்டாள். எவ்வளவு நல்ல வசனம். மறந்துவிடுமே என்று அதை உடனே எழுதிக்கொண்டேன். எழுதி முடித்தபோது அவள் வேறு ஏதோ கேட்டிருந்தாள். போன வருடம் பள்ளிச் சுற்றுலா போன கடற்கரை ஊருக்கு எந்த பஸ், இன்னும் அரை டிக்கெட் கொடுப்பார்களா என்று.

"முழு டிக்கெட்தான்" என்றேன். "நீ பெரியவளாயிட்டே."

அதிகாரி என்னிடம் உடையைப் பற்றித்தான் கேட்டார். பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வது என் சுபாவம்.

இப்போது பிழைக்கு வருகிறேன். அவர் கேட்டதும் என் கண்முன் வந்து நின்றது வாலு அல்ல, நான் உருவாக்கிய பெண். அவளுக்குத்தான் கைமுனை கடிபட்டிருக்கும். வாலுவோ புது ஸ்வெட்டரில் போயிருக்கிறாள். இரண்டு பேரையும் குழப்பிக்கொண்டது என் தொழில் அனுபவக் குறைவு. இப்போது ஊரெல்லாம் கைமுனை பிரிந்த ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறது. அவள் படக் குழுவின் அலமாரியில் மாட்டப்பட்டிருக்கிறாள்.

திருத்தாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். இந்நேரம் புதியதையும் அவள் கடித்திருப்பாள், விவரம் தானாகவே சரியாகிவிடும். ஆனால் முதல் ஸ்வெட்டருக்குப் பல வாரம் ஆனது. இரண்டு நாளில் ஆகாது. தனியாக, தெரியாத ஊரில் இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம். சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே திருத்துவதுதான் முறை.

திருத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் இதையெல்லாம் சொல்ல வேண்டும். சொல்லப்போகிறேன். அந்தப் பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தியது நான். அக்காவோ அத்தானோ இல்லை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் இருந்ததில்லை, பாசம்தான். பாசம் இல்லாவிட்டால் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க முடியுமா?

இப்போதே போய்ச் சொல்லலாம். அக்கா கூடத்தில்தான் இருக்கிறாள். நேற்றுப் போட்ட வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு, சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். நூல் கிட்டத்தட்ட அறுந்துவிட்டது. நான் போய்த் தோளைத் தொட்டபோது, "உன்கிட்டதான் எல்லாம் சொல்லுவா. உன்கிட்டகூடவா சொல்லலை?" என்றாள். பாவம், கொஞ்ச நேரமாவது கண்ணயரட்டும் என்றுதான் இன்று சொல்லவில்லை.

நாளை: கடைக்கு விடுப்பு சொல்ல வேண்டும். காவல் நிலையத்தில் கைமுனையைத் திருத்தி, பஸ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லும்போது அவளை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்; காலை வெளிச்சம் அங்கேதான் பொத்தான்மேல் நேராக விழும்.